ஆச்சி வீட்டு வாசலில் நிற்காத சாமி

காரைக்குடியில் எனக்குச் ‘சப்பான்காரர்’ என்று பெயர். ஊரில் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் மறந்தே போயிருக்கும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரம் பார்த்து யாராவது ஒருவர், "சப்பான்காரரே, அந்தச் சூடங் கதையச் சொல்லுங்க, இவுக கேட்டதில்ல" என்று எடுத்துக் கொடுப்பார். நானும் சொல்வேன். சப்பான் தெருவில் சாமி வந்தது, நான் பக்தியோடு சூடம் கொளுத்தினேன், தெருவே தீ தீ என்று அலறி என் தலையில் ஒரு தொட்டித் தண்ணீரைக் கொட்டியது. இவ்வளவுதான் நான் சொல்கிற கதை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் வெற்றிலைச் சாற்றைத் துப்பப் போகிறவன் போல எழுந்து போய்விடுவேன். ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது சிரிக்கிற கதை இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

நான் சப்பானுக்குப் போனதற்குக் காரணம் உடைந்த கல். அப்பச்சி, அதாவது என் தகப்பனார், பர்மாவில் வட்டித் தொழில் பார்த்தவர். நாங்கள் புதிதாக வீடு கட்டியபோது வளவுச் சுவரில் பதிப்பதற்கென்று பூப்போட்ட பீங்கான் மெருகுக் கற்கள் சப்பானிலிருந்து கப்பலில் வந்தன. பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் உடைந்து கிடந்தது. அப்பச்சி ஒரு துண்டைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆத்தங்குடியில கல்லுப் போடுறதுக்கு ஆளு இருக்கு, மண்ணும் இருக்கு. இந்த மெருகு பூசுற வித்தை மட்டும் சப்பான்காரனுக்குத்தான் தெரியணுமா? தம்பி, நீ போயிக் கத்துக்கிட்டு வா" என்றார்.

கடைத்தெருவுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வரச் சொல்வது போலத்தான் சொன்னார். எங்கள் ஆட்களுக்குக் கடல் தாண்டுவது பெரிய காரியம் இல்லை. பாட்டனார் காலத்திலிருந்தே ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய் வந்துகொண்டிருந்தோம். சப்பான் என்றால் இன்னும் கொஞ்சம் அங்குட்டு, அவ்வளவுதான். ஆத்தா வற்றலும் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தார். இரண்டு பட்டு வேட்டியும் ஒரு கம்பளிச் சால்வையும் பெட்டியில் வைத்து, "எந்த ஊருக்குப் போனாலும் சாமி கும்பிடாம இருந்துராத" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லை நான் காப்பாற்றிய விதத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நகோயா என்கிற பட்டணத்துக்குப் பக்கத்தில் சூளைகள் நிறைந்த ஒரு சிற்றூர். அங்கே மட்பாண்டம் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. தங்க இடம்தான் கிடைக்கவில்லை. வாடகைக்கு அறை விடுகிற வீடுகளில் என் முகத்தைப் பார்த்ததும் குனிந்து வணங்கி, இப்போதுதான் அறை போய்விட்டது என்பார்கள். மிகவும் மரியாதையாகச் சொல்வார்கள். கடைசியில் ஒரு குறுகிய சந்தில், மரச்செருப்பு விற்கிற கடைக்கு மேலே, ஒரு மாடி அறை இருப்பதாகச் சொன்னார்கள். கடையை நடத்தியது ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். புருஷன் இறந்து பல வருஷம். பிள்ளைகள் இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மீன் சாப்பிடுவீகளா?"

சாப்பிடுவேன் என்றேன். அப்படியானால் சரி என்று பெட்டியை மேலே ஏற்றச் சொல்லிவிட்டார்.

அவர் கேட்டது சப்பான் பாஷையில்தான். ஆனால் எத்தனையோ வருஷம் கழித்து இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் பேசினதெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் காதில் விழுகிறது. அவரை நான் மனசுக்குள் ஆச்சி என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டை ஆளுகிற பெண்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இங்கேயும் அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன்.

ஆச்சி போட்ட கட்டளைகள் கொஞ்சம்தான். செருப்பை வாசலில் திருப்பி வைக்க வேண்டும். குளிப்பதற்கு முன் சொல்ல வேண்டும். மாடியில் நெருப்புப் பற்ற வைக்கவே கூடாது. அந்த ஊரில் சுவர் மரம், கதவு காகிதம், தரை கோரைப்பாய். டோக்கியோப் பட்டணம் பூகம்பத்தில் எரிந்து சாம்பலாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தீயை அணைப்பதற்கென்று ஒரு மரத்தொட்டியில் தண்ணீர் நிறைத்து வைத்திருப்பார்கள். அதை நான் தினமும் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

முதல் கோடையில் ஆச்சி என் துணிகளையெல்லாம் எடுத்து நிழலில் உலர்த்தி மடித்தார். மடிப்புகளுக்கு நடுவே காகிதத்தில் பொதிந்த வெள்ளைக் கட்டிகளைச் செருகினார். மூக்கில் ஏறிய வாசனையில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சூடம்! எங்கள் ஊரில் சாமி முகத்துக்கு நேரே காட்டுகிற சூடத்தை இவர்கள் கம்பளியை அரிக்கிற பூச்சிக்கு வைக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்ன சிரிக்கிறீர்கள் என்று ஆச்சி கேட்டார். சொல்ல எனக்குப் பாஷை போதவில்லை. இரண்டு கட்டிகளை எடுத்து என் பெட்டியில் தனியாக வைத்துக்கொண்டேன்.

அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் சமயத்தில் அந்தத் தெருச் சாமிக்குத் திருவிழா. பல நாள் முன்பே சந்து முழுக்கக் காகித விளக்குகள் தொங்கின. சாயந்தரமானால் எங்கோ இளவட்டங்கள் முரசு பழகுகிற சத்தம் கேட்கும். சாமியை ஒரு சிறு கோயில் போலச் செய்த பல்லக்கில் வைத்து ஊர்வலம் கொண்டு வருவார்கள். பல்லக்குக்குக் கதவு உண்டு, அது சாத்தியே இருக்கும். சாமியை யாரும் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் யாரும் மாடியில் நிற்கக் கூடாது, சாமியை மேலேயிருந்து கீழே பார்ப்பது மரியாதை இல்லையாம். ஆச்சி இதையெல்லாம் செருப்புக்கு வார் கோத்துக்கொண்டே சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, இந்த வருஷம் பல்லக்கு நம் வாசலில் இறங்கி நிற்கப் போகிறது என்றார்.

பல்லக்கு வழியில் சில இடங்களில்தான் இறங்கி இளைப்பாறும். எங்கள் சந்தில் ஒரே இடம். வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை. ஆச்சியின் புருஷன் காலத்தில் அந்த முறை அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் இறந்துபோனார். துக்க வீட்டு வாசலில் சாமி நிற்காது. பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு முறை எல்லா வீடுகளையும் சுற்றிக்கொண்டு இப்போதுதான் திரும்பி வருகிறது.

முறை என்ற சொல்லைக் கேட்டதும் செட்டிநாட்டுக்காரனுக்குக் காது நிமிராதா? எங்கள் ஊரில் ஒரு மண்டகப்படி முறை தவறிப்போனதற்காகப் பங்காளிகள் ஜென்மப் பகையாகி, ஒரே தெருவில் எதிரெதிரே முகம் பார்க்காமல் வாழ்ந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆச்சிக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தச் சந்தில் பிறந்தவர்களுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே எனக்கும் தெரிந்தது.

சந்தின் காரியங்களைப் பார்த்தவர் முனையில் இருந்த அரிசிக் கடைக்காரர். வீட்டில் அயல் தேசத்தான் ஒருவன் இருக்கிறானே, சாமி நிற்கிற இடத்தில் அது சரிப்படுமா என்று அவர் ஆச்சியைக் கேட்டிருக்கிறார்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவுக ஊர்லயும் சாமி தெருவுல வருமாம், அவுகளுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிட்டேன்" என்று ஆச்சி என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம். எம் பக்கத்துல நில்லுங்க. அது போதும்."

அது போதும் என்று சொன்னதை அப்படியே கேட்டிருக்கலாம். அதைத்தான் நான் செய்யவில்லை.

திருவிழா அன்று ஆச்சி கறுப்புப் பட்டு உடுத்தி, குடும்ப முத்திரை போட்ட மேலங்கியோடு கீழே வந்தார். வாசலில் புது மரப் பலகையில் அரிசி, உப்பு, மது, பழங்கள், ஒரு பெரிய சிவப்பு மீன். சாமிக்குக் கொடுப்பதற்காக வெள்ளைக் காகிதம் கட்டிய ஒரு பச்சை மரக்கொப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு நடுவில் வந்து நின்றார். வீட்டுக்கு உரியவர் நிற்கிற இடம் அது.

அதைப் பார்த்ததும் எனக்கு மனசுக்குள் என்னவோ செய்தது. என்ன செய்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஓர் அயித்தை உண்டு, அப்பச்சியின் தங்கை. சின்ன வயசிலேயே புருஷனை இழந்தவர். எங்கள் வாசலில் சாமி வந்து நின்றால் அவர் இரண்டாம் கட்டுக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பார், மேளச் சத்தம் கேட்கிற தூரத்தில். அவரை யாரும் அங்கே போகச் சொன்னதாக நினைவில்லை. வரச் சொன்னதாகவும் நினைவில்லை. சாமிக்குத் தீபம் காட்டுகிற இடத்தில் அப்பச்சி நிற்பார், அண்ணன் நிற்பார், பொடிப்பயலாக நானும் நிற்பேன். இப்படியே வளர்ந்த எனக்கு, புருஷன் இல்லாத ஒரு பெண்பிள்ளை சாமிக்கு நேர் முன்னால் நடுவாசலில் நிற்பதைப் பார்க்க ஐயோ பாவம் என்று இருந்தது. முன்னால் நிற்க ஓர் ஆண்பிள்ளை இல்லாமல் அல்லவா இவர் நிற்க வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. இரக்கம் என்றுதான் அதற்கு நான் பெயர் வைத்துக்கொண்டேன்.

இரக்கம் மட்டும் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்தில் நான் பூசிய மெருகு முதல்முதலாக ஒழுங்காக வந்திருந்தது. பாசிப்பச்சை நிறத்தில் ஒரு தட்டு. வாத்தியார் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சந்தில் உள்ள அத்தனை பேரும் கூடுகிற இடத்தில் அந்தத் தட்டைக் காட்ட வேண்டும் என்கிற ஆசை எனக்கு இருந்தது.

முரசு நெருங்கியது. குட்டை அங்கி போட்ட வாலிபர்கள் ஒரே குரலில் கத்திக்கொண்டு பல்லக்கைத் தோளில் தூக்கி வந்தார்கள். எங்கள் ஊரில் சாமியை அலுங்காமல் கொண்டு வருவார்கள். இங்கே குலுக்கு குலுக்கு என்று குலுக்குகிறார்கள். பல்லக்கின் மணிகளெல்லாம் சலசலத்தன. வாசலில் போட்டிருந்த மர முக்காலிகள் மேல் அதை இறக்கி வைத்ததும் ஒரே அமைதி. பூசாரி ஏதோ சொல்லி முடித்து ஆச்சியின் பக்கம் திரும்பினார். ஆச்சி கொப்பை நெஞ்சுக்கு நேரே உயர்த்தி முதல் அடி எடுத்து வைத்தார்.

அந்த அடியை அவர் வைப்பதற்கும் நான் அவருக்கு முன்னால் போய் நிற்பதற்கும் சரியாக இருந்தது. சால்வைக்குள் மறைத்துக் கொண்டு வந்திருந்த என் தட்டில், பெட்டியில் எடுத்து வைத்திருந்த சூடம் எரிந்துகொண்டிருந்தது. எப்போது பற்ற வைத்தேன் என்றுகூட யாரும் கவனிக்கவில்லை. ஊரில் அர்ச்சகர் செய்வது போலத் தட்டைச் சுற்றினேன். சூடம் எங்கள் ஊரில் எரிவது போல அடக்கமாக எரியவில்லை. கட்டி பெரிது, காற்றும் அடித்தது. முழ நீளத்துக்குச் சுடர் எழுந்தது, கரும்புகை கிளம்பியது. பல்லக்கின் மூலையில் தொங்கிய சிவப்புப் பட்டுக் குஞ்சத்தின் நுனி என் கண்ணெதிரே சுருண்டு கறுத்தது.

யாரோ ஒரு பெண் அலறினாள். அந்த ஊரில் தீ என்கிற சொல்லை ஒருத்தர் சொன்னால் மற்றவர்கள் நின்று யோசிப்பதில்லை. பக்கத்து வீட்டுத் தொட்டி அப்படியே தூக்கிக் கவிழ்க்கப்பட்டது. தண்ணீர் என் தலையில், பல்லக்கின் மேல், அரிசியில், மீனில், ஆச்சியின் கறுப்புப் பட்டில். சூட்டில் இருந்த தட்டு என் கையிலேயே டப்பென்று இரண்டாகப் பிளந்தது. கல்யாண வீட்டில் இந்த இடத்தில்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அரிசிக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். வாலிபர்கள் பல்லக்கைத் தூக்கிக்கொண்டார்கள். முரசு இல்லை, கூச்சல் இல்லை, குலுக்கலும் இல்லை. வேகமாக நடந்து சந்து முனையில் திரும்பிப் போய்விட்டார்கள். நான் உடைந்த தட்டை வைத்துக்கொண்டு கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். ஆச்சி அதே இடத்தில் நின்றிருந்தார். சாமிக்குக் கொடுக்க வேண்டிய கொப்பு அவர் கையிலேயே இருந்தது, நனைந்த காகிதம் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆச்சி என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு வந்து, என்னையும் மாற்றச் சொன்னார். பிறகு சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் ஆச்சி தரையைத் தொடுகிற அளவு குனிந்து மன்னிப்புக் கேட்டார். பின்னால் நான். எந்த வீட்டிலாவது, பாவம் இந்த அயல் தேசத்தானுக்கு நம் வழக்கம் தெரியாது என்று சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தேன். அப்படிச் சொன்னால் என் தலை கொஞ்சம் நிமிரும். ஆச்சி எந்த வீட்டிலும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"தப்பு எம்மேலதான். நாந்தான் சரியாக் கவனிக்கல" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அரிசிக் கடையில் அதைச் சொன்னபோது கடைக்காரர் பாட்டுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். ஆச்சி குனிந்தபடியே இருந்தார். கடைக்காரர் உள்ளே போன பிறகுதான் நிமிர்ந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து அடுப்பில் உலை வைத்துவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து ஆச்சி கேட்டார்.

"எனக்கு முன்னால ஏன் வந்தீக?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். எனக்கு இருந்த அரைகுறை பாஷையில், எங்கள் ஊரில் புருஷன் இல்லாதவர்கள் சாமிக்கு முன்னால் வரமாட்டார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே அந்தப் பேச்சு அந்த அறையில் எவ்வளவு அசிங்கமாக ஒலிக்கிறது என்று எனக்குக் கேட்டது. ஆச்சி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அப்ப அந்த வீட்டு வாசல்ல நிக்கிற சாமிய யாரு கும்பிடுவா?"

"மகன்" என்றேன். மகன் இல்லாவிட்டால் யார் என்று சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

ஆச்சி என் முகத்தையே பார்த்தார். "அப்ப, எனக்கு மகனா வந்து நின்னீகளா?" என்றார்.

அப்படி எதுவும் நான் நினைக்கவில்லை. ஆண் துணை இல்லாத வீடு, பாவம் என்று நினைத்தேன், என் தட்டைக் காட்ட நினைத்தேன், அவ்வளவுதான். மகன் என்கிற எண்ணம் என் மனசின் மூலையில்கூட இல்லை. ஆனால் ஒளிந்துகொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தவனுக்கு ஆச்சியே ஒரு கதவைத் திறந்துவிட்டார். நான் உள்ளே புகுந்துவிட்டேன்.

"ஆமா" என்றேன்.

ஆச்சி தலையை மட்டும் அசைத்துவிட்டு உலையைப் பார்க்க எழுந்து போனார். அன்று இரவு அந்தச் சிவப்பு மீனைத்தான் சமைத்தார். நடுத்துண்டு என் தட்டில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த மீன் வாங்கினாலும் நடுத்துண்டு எனக்குத்தான். ருசித்துச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மேலும் இரண்டு திருவிழாக்களுக்கு நான் அங்கே இருந்தேன். இரண்டிலும் பல்லக்கு எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. அது இயல்புதானே, முறை அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது, இனி இந்த வீட்டுக்குச் சுற்றி வரப் பல வருஷம் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். ஆச்சி அந்தக் கறுப்புப் பட்டை உடுத்தவில்லை. நீர்க்கறை போகவில்லை என்றார். சாதாரண உடையில் வாசலில் ஓர் ஓரமாக நின்று, முரசுச் சத்தம் தேய்கிற வரை குனிந்தே இருப்பார். இரண்டு தடவையும் என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். நானும் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப ஒழுங்காக நின்றேன். பாடம் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தவறிப்போன முறைக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கலாம். மண்டகப்படிச் சண்டை பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் சாமி நிற்காமல் போய்விட்டால் ஊர் கூடிப் பேசி அதற்கு ஒரு வழி செய்யாமல் விடமாட்டார்கள். அதே மாதிரி இங்கேயும் பேசியிருப்பார்களே என்று என் மண்டையில் ஏன் உறைக்கவில்லை? உறைத்தால் தொந்தரவு என்றுதான் உறைக்கவில்லை. அறை வசதியாக இருந்தது, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தது, சாப்பாடு வேளைக்கு வந்தது.

படிப்பு முடிந்து நான் புறப்பட்ட அன்று காலை நல்ல வெயில். பெட்டிகள் வாசலில் இருந்தன, ரயிலடிக்குப் போக இழுவை வண்டிக்குச் சொல்லியிருந்தோம். அரிசிக் கடைக்காரர் வந்தார். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அன்று கையில் ஒரு பலகாரப் பெட்டியோடு வந்து, வழியில் சாப்பிடுங்கள் என்று கொடுத்து, என் படிப்பைப் பற்றி விசாரித்தார். எனக்கு ஆச்சரியமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. பழசையெல்லாம் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆச்சி தேநீர் ஊற்றினார். கடைக்காரர் இரண்டு வாய் குடித்துவிட்டு ஆச்சியைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. இந்த வருசம் சாமி உங்க வாசல்ல நிக்கும். எல்லாருட்டயும் பேசிட்டேன்."

ஆச்சி வேகமாக, இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றட்டுமா என்றார். கடைக்காரர் நிறுத்தவில்லை. எனக்கும் எல்லாம் தெரியும் என்றே அவர் நினைத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னேன். இவுகள வேற எடத்துல தங்க வச்சிருங்க, அடுத்த வருசமே சாமிய இங்க நிப்பாட்டிருவோம், தப்பிப்போன முறைக்குச் சரியாப் போயிரும்னு. மறு வருசமும் வந்து கேட்டேன். கேக்க மாட்டேன்னுட்டாக. எனக்கு மகனா வந்து நின்ன புள்ளைய எங்குட்டுப் போகச் சொல்றதுன்னு என்னையத் திருப்பிக் கேட்டாக. பிடிவாதக்காரி" என்று சொல்லி, குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆச்சி கோப்பைகளை எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்காமல். நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தால் போதும், மறு வருஷமே அந்த வாசலில் சாமி நின்றிருக்கும். புருஷன் காலத்திலிருந்து காத்திருந்தவர் அதை இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எதற்காக? ஒளிந்துகொள்ள நான் சொன்ன ஒரு ‘ஆமா’வுக்காக.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நான் மகனாக நிற்கவில்லை ஆச்சி, உங்களைத் தள்ளிவிட்டு நின்றேன் என்று. மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள் அந்தப் பாஷையில் எத்தனை உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். வீடு வீடாக அவர் பின்னால் போய்த்தான் அவற்றைக் கற்றுக்கொண்டேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. இப்போது சொன்னால் அவர் விட்டுக்கொடுத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன். அந்த நியாயத்தை இன்றைக்கும் நான் முழுசாக நம்பவில்லை.

வண்டி வந்துவிட்டது. வண்டிக்காரன் பெட்டிகளை ஏற்றினான். ஆச்சி வாசலுக்கு வந்து என் சால்வையைத் தோளில் சரியாக இழுத்துவிட்டார். கப்பலில் குளிரும், பத்திரம் என்றார். பிறகு தான் நின்றிருந்த நடுவாசலை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நம்ம வாசல்ல சாமி நிக்கிற அன்னைக்குப் பாக்க நீங்க இருக்க மாட்டீகளே."

அதை நினைத்து அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் குனிந்த தலை நிமிராமல் வண்டியில் ஏறிக்கொண்டேன்.